நாற்பத்தொரு பேர் ஏற்றிய விளக்கு

நிரூபா விட்ட முதல் பிழை, அந்தப் படத்தை நம்பியது.

அறுபது வருடத்துக்கு முந்திய பிரிட்டிஷ் பாட்டுப் படம். பெயரைக் கேட்காதீர்கள், அவளுக்கே ஞாபகமில்லை. அவளிடம் வந்துபோகும் பத்தொன்பது பிள்ளைகளில் ஒருவனான பிரவீனன்தான் இணையத்தில் எங்கோ கிண்டி எடுத்து, ஸ்காபரோவின் மல்வேர்ன் பிளாசாப் பின்னறைச் சுவரில் வெள்ளைச் சீலை கட்டிப் போட்டுக் காட்டினான். கதை இவ்வளவுதான். லண்டனில் கொஞ்ச இளசுகள். ஆடிப் பாட அவர்களுக்கு ஒரு கிளப் அறை. அதைப் பிடுங்க ஒரு பணக்காரன் வருகிறான். இளசுகள் ஒரு ஷோ போடுகிறார்கள், சனம் அள்ளுப்பட்டு வருகிறது, காசு கொட்டுகிறது, அறை தப்புகிறது, எல்லாரும் சேர்ந்து இன்னொரு பாட்டுப் பாடுகிறார்கள். எண்ணெய் வழிய வாரிய தலைகளையும் குடை மாதிரி விரிந்த பாவாடைகளையும் பார்த்துப் பத்தொன்பது பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். படம் முடிந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

ஏனென்றால் அவர்களுக்கும் இருந்தது ஒரு அறைதான். பலசரக்குக் கடைக்குப் பின்னால், கருவாட்டு மணத்தோடு, ஒரு சன்னலும் ஒரு ஹீட்டரும் உள்ள அறை. பெற்றோர் இரண்டு வேலை செய்யும் வீடுகளில், ஆறு பேர் இரண்டு படுக்கையறைக்குள் நெரிபடும் மாடிகளில், ட்ரம் அடிக்க எவன் விடுவான்? பின்னேரம் பள்ளிக்கூடம் முடிந்து எல்லாம் இங்கேதான் வரும். மருந்துக்கடையில் வேலை செய்யும் நிரூபாவுக்கு இருபத்தேழு வயது. அறைப் பூட்டின் திறப்பு அவளிடம் இருந்ததால் அவள் அக்கா. மற்றப்படி அங்கே தலைவர், செயலாளர் என்று ஒரு கோதாரியும் இல்லை. முதலில் வருகிறவர் ஹீட்டரைப் போடுவார், கடைசியாகப் போகிறவர் லைட்டை அணைப்பார். சண்டை வந்தால் பீட்சா வருவதற்குள் தீர்ந்துவிடும். அந்த அறை போனால் பத்தொன்பதும் பத்தொன்பது திக்கில் போகும் என்பது நிரூபாவுக்குத் தெரியும். அதுதான் அவளுடைய பயம்.

அறையின் சொந்தக்காரர் இராஜரட்ணம், வீடு விற்கும் ஏஜென்ட். அவர் முகம் ஸ்காபரோவின் பஸ் தரிப்பு வாங்கில்களில் எல்லாம் இருக்கும். வேலைக்குப் போகிற சனம் விடிய வெள்ளென அந்தச் சிரிப்பில்தான் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும். அவர் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். வாடகை இரட்டிப்பு, ஆறு மாத முற்பணம் பதினெட்டாயிரம் டொலர், முப்பத்தோராம் திகதிக்குள் கட்டாவிட்டால் வெளியேறவும், அன்புடன்.

"அக்கா, நாங்களும் ஷோ போடுவம்," என்றான் பிரவீனன்.

"போடுவம்," என்றாள் நிரூபா.

அந்தப் படத்தில் ஒன்று இல்லை என்பதை அவள் அன்று கவனிக்கவில்லை. அதில் சங்கம் இல்லை.

பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுக்கப் பதிவு செய்த அமைப்பு ஒன்றின் பெயரும் இன்சூரன்ஸும் வேண்டுமாம். தனியாள் கேட்டால் தரமாட்டார்களாம். இப்படித்தான் நிரூபா, பிரவீனனையும் ஜெனாட்டையும் கூட்டிக்கொண்டு, கனடா வாழ் தமிழ்க் கலை பண்பாட்டு மன்றங்களின் மாபெரும் ஒன்றியத்தின் வாசலில் போய் நின்றாள். ஜெனாட் அந்தப் பிள்ளைகளில் பாட்டுக்காரி. வாய் திறந்தால் பாட்டு, இல்லாவிட்டால் நக்கல்.

ஒன்றியத்தின் வாசல் என்பது செயலாளர் சச்சிதானந்தனின் யூனியன்வில் வீட்டு நிலவறை. நீண்ட மேசையைச் சுற்றிப் பதினாலு பேர். அதில் தலைவர் ஒருவர், முன்னாள் தலைவர்கள் ஆறு பேர், வருங்காலத் தலைவர்கள் ஏழு பேர். தலைவர் தில்லையம்பலம் முப்பத்திரண்டு வருடமாகத் தலைவர். பிறகு ஆறு முன்னாள் தலைவர்கள் எப்படி வந்தார்கள் என்று ஜெனாட் கேட்டாள். அவை அந்த இடைவெளியில வந்தவை பிள்ளை, என்றார் சச்சிதானந்தன். எந்த இடைவெளி என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நிரூபா விசயத்தைச் சொன்னாள். தில்லையம்பலம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டு முடிந்ததும் எழுந்தே விட்டார்.

"இளையோர்தான் எங்கட எதிர்காலம். இதை நான் எண்பத்தொன்பதாம் ஆண்டிலயிருந்து சொல்லிக்கொண்டு வாறன். உதைப் பற்றி நாங்கள் வடிவாக் கதைக்கவேணும். நீங்கள் பிள்ளையள் கொஞ்சம் மேல போய் இருங்கோ."

மேலே போய் இருந்தார்கள். சச்சிதானந்தனின் மனைவி தேத்தண்ணியும் றோல்ஸும் தந்தார். ஒரு மணி நாற்பது நிமிடம் கழித்து இறங்கி வந்தால் எல்லாம் முடிவாகியிருந்தது. விழாவின் பெயர் 'எழுஞாயிறு முத்தமிழ்ப் பெருவிழா'. அழைப்பிதழில் ஒன்றியத்தின் பெயர் மேலே, பிள்ளைகளின் பெயர் இடம் இருந்தால் கீழே. நிகழ்ச்சி ஒழுங்கை ஒன்றியம் பார்த்துக்கொள்ளும். நாடகத்தைப் பண்பாட்டுப் பரிசீலனைக் குழு பார்த்துக்கொள்ளும். நுழைவுச்சீட்டு விற்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளலாம்.

"அது உங்களுக்கு விட்டிருக்கிறம். எல்லாத்தையும் நாங்களே செய்தா இளையோருக்குப் பொறுப்பு வராது பாரும்," என்றார் தில்லையம்பலம்.

பரிசீலனைக் குழுவின் தலைவி யோகமலர். அடுத்த சனிக்கிழமை இரண்டு உதவித் தலைவிகளோடும் மூன்று கொப்பிகளோடும் பின்னறைக்கு வந்தார். பிள்ளைகள் அந்தப் பழைய படக் கதையை மல்வேர்னுக்கு இழுத்து வந்திருந்தார்கள். அறை, பஸ், அம்மாவின் டபுள் ஷிப்ட், வாடகைக் கடிதம், எல்லாம் பாட்டாக. பிரவீனன் மெட்டுப் போட்டிருந்தான். எழுபது நிமிடம். யோகமலர் முழுக்கப் பார்த்தார். எழுதினார். கடைசிப் பாட்டில் ஒருக்கால் கண்ணையும் துடைத்தார், அதையும் கொப்பியில் குறித்துக்கொண்டார்.

"நல்லாயிருக்கு பிள்ளையள். ஆனா ஒரு குறை. வீட்டுக்காரனை ஏன் கூடாதவனாக் காட்டுறியள்?"

"அவர் வாடகையைக் கூட்டுறார் அன்ரி," என்றாள் ஜெனாட்.

"கூட்டினா? அவருக்கும் மோட்கேஜ் இருக்கும் எல்லே. அந்த மனுசன்ர மனவேதனையை ஆர் பாடுறது? அவருக்கு ஒரு பாட்டு வையுங்கோ. கடைசியில எல்லாரும் அவற்ற காலில விழுந்து ஆசீர்வாதம் வாங்கினா வடிவாயிருக்கும்."

"அன்ரி, சீரியஸ்லி?"

"பகிடியே விடுறன்? விழாவுக்குப் பிளாட்டினம் அனுசரணை அவற்றதான்."

நிரூபாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தில்லையம்பலத்துக்குப் போன் எடுத்தாள்.

"அங்கிள், இராஜரட்ணம் அங்கிளுக்கு எதிராத்தானே நாங்கள் ஷோ போடுறம். அவரே எப்பிடி ஸ்பொன்சர்?"

"எதிரெண்ட சொல்லை எடும் பிள்ளை. எங்கட சமூகத்தில எதிரி எண்டு ஒருத்தரும் இல்லை. அனுசரணையாளர்தான் இருக்கினம்."

"அவர் அறையைத் தந்தாலே காணுமே?"

"அறை தந்தா அது தனிப்பட்ட உதவி. விழாவுக்குத் தந்தா அது பொதுத்தொண்டு. பொதுத்தொண்டுக்குத்தான் பேர் போட்டுப் பனர் கட்டலாம்," என்றார் அவர், பொறுமையாக, ஒரு சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர் மாதிரி.

பிள்ளைகள் அந்தக் காலில் விழும் காட்சியை வைக்கமாட்டோம் என்றார்கள். சரி, பாட்டு மட்டும் வையுங்கள் என்று ஒன்றியம் இறங்கி வந்தது. வீட்டுக்காரனுக்கு ஒரு பாட்டு எழுதப்பட்டது. ஜெனாட் அதை ஒப்பாரி மெட்டில் பாடினாள். யோகமலர் அதுதான் நாடகத்திலேயே உருக்கமான இடம் என்று சான்றிதழ் தந்தார்.

இதெல்லாம் நடக்க, பிள்ளைகள் நுழைவுச்சீட்டு விற்றார்கள். பஸ் தரிப்பில், பலசரக்குக் கடையில், கோயில் வாசலில், பனியில், மூக்கு ஒழுக ஒழுக. முப்பது டொலர்ப்படி அறுநூறு. மூன்று கிழமையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அறுநூறை முப்பதால் பெருக்கினால் சரியாகப் பதினெட்டாயிரம் என்று பிரவீனன் சுவரில் எழுதி வைத்தான். அந்த நேரத்தில் நிரூபா படத்தை இன்னும் நம்பிக்கொண்டுதான் இருந்தாள்.

விழா ஞாயிறு பகல் இரண்டு மணிக்கு. ஆறுக்கு மண்டபத்தைப் பூட்டிவிடுவார்கள். ஒன்றே முக்காலுக்கே அறுநூறு பேரில் ஐந்நூற்று நாற்பது பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முன் மூன்று வரிசை மட்டும் றிபன் கட்டி வெறுமையாகக் கிடந்தது. அது பிரமுகர்களுக்கு. பிரமுகர் நேரத்துக்கு வந்தால் அவரைப் பிரமுகர் என்று யார் சொல்வார்? மூன்று பத்துக்கு நாதஸ்வரத்தோடு வந்தார்கள்.

பிறகு மங்கல விளக்கேற்றல். இங்கேதான் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

பள்ளிக்கூட மண்டபத்தில் நெருப்புக் கொளுத்தக்கூடாது. ஆகவே சச்சிதானந்தன் பித்தளைக் குத்துவிளக்கின் உச்சியில் பற்றரி மெழுகுதிரி ஒன்றைப் பொருத்தி, தண்டின் பக்கத்தில் ஒரு சுவிச்சும் வைத்திருந்தார். விளக்கேற்ற அழைக்கப்பட்டவர்கள் நாற்பத்தொரு பேர். ஒருவரை விட்டால் அவர் ஊர்ச் சங்கம் கோபிக்கும், அவர் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கம் கோபிக்கும், அவர் மைத்துனர் வேறு சங்கம் தொடங்குவார். முதலில் தில்லையம்பலம் வந்து சுவிச்சை அழுத்தினார். எரிந்தது. கைதட்டினார்கள். இரண்டாவதாக ஒரு முன்னாள் தலைவர் வந்தார். வந்து விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது எரியுது," என்றார்.

"ஓம், தலைவர் ஏத்திப்போட்டார்."

"அப்ப நான் என்னத்தை ஏத்துறது?"

மேடையில் அவசரக் கூட்டம் ஒன்று கூடியது. ஒருவர் ஏற்றியதும் யோகமலர் அணைப்பது, அடுத்தவர் ஏற்றுவது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது. ஆனால் மங்கல விளக்கை அணைப்பதாக ஒலிவாங்கியில் சொல்வது அபசகுனம். ஆகவே அறிவிப்பாளர் ஒவ்வொரு முறையும், "அடுத்தவருக்கு வழிவிட்டு ஒளி சற்றே இளைப்பாறுகிறது," என்று அறிவித்தார். இருபத்தொன்பது தடவை ஒளி இளைப்பாறியது. முப்பது தடவை எரிந்தது. ஒவ்வொரு தடவையும் போட்டோ.

முப்பத்தோராவது ஆள் அவசரக்காரர். யோகமலர் அணைக்க முன்னமே அழுத்திவிட்டார். அவர் அழுத்த, விளக்கு அணைந்தது. அணைந்த விளக்குக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு அவர் போட்டோவுக்கு நின்றதைச் சனம் கண்டுவிட்டது. அதோடு கணக்குத் தலைகீழாகி, மிச்சம் பத்துப் பேரில் யார் ஏற்றினார், யார் அணைத்தார் என்று யோகமலருக்கே தெரியாமல் போய், நாற்பத்தோராவது ஆள் கைகூப்பி இறங்கியபோது மேடையில் விளக்கு இருட்டாக நின்றது. திரும்பவும் தொடங்கவேண்டும் என்றார் ஒரு முன்னாள் தலைவர். தில்லையம்பலம்தான் சமாளித்தார்.

"அகத்தில் எரிவதே உண்மை விளக்கு," என்றார். கைதட்டல்.

நேரம் நாலு மணி. திரைக்குப் பின்னால் பத்தொன்பது பிள்ளைகளும் வேஷத்தோடு நின்றார்கள். முகத்து மாவு வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது. நிரூபா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஒவ்வொரு பேச்சாளரும் தொடங்கும்போது, "நேரமின்மை காரணமாகச் சுருக்கமாக," என்று சொன்னார். அதைக் கேட்டு முதல் இரண்டு முறை அவள் நிம்மதிப்பட்டாள்.

மௌன வணக்கம். மூன்று கீதங்கள். வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, வாழ்த்துரைக்கு நன்றியுரை. பிறகு தலைமையுரை.

"எங்கள் இளையோருக்கு மேடை கொடுக்கவேண்டும்," என்றார் தில்லையம்பலம். "பலர் இதைப் பேச்சளவில் சொல்வார்கள். நான் அப்படியல்ல. இளையோருக்கு மேடை கொடுக்கவேண்டும் என்பதற்காகவே முப்பத்திரண்டு ஆண்டுகளாக இந்த மேடையில் நிற்கிறேன். இன்றுவரை ஒரு நாள்கூட இறங்கியதில்லை."

முன் மூன்று வரிசையும் எழுந்து கைதட்டியது. அதில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை என்பதுதான் இந்த ஒன்றியத்தின் பலம்.

அடுத்து மலர் வெளியீடு. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். நூற்றுப் பதினெட்டில் பிரமுகர்களின் வாழ்த்தும் போட்டோவும், தொண்ணூறில் வீட்டு விளம்பரம், நாலு பக்கம் இளையோர். பிள்ளைகள் சேர்ந்து நின்ற படமும் இருந்தது. கடைசி ஐந்து பேர்மேல் இராஜரட்ணத்தின் தொலைபேசி இலக்கம் இருந்தது.

அதன்பிறகு அவரே வந்தார். பொன்னாடை போர்த்தி, 'இளையோர் காவலர்' என்று பட்டம் கொடுத்தார்கள். பொல்லாத மனிதர் இல்லை, பாருங்கள். பேசத் தெரியாதவர், ஆகவே உண்மையைச் சொல்லிவிட்டார்.

"எனக்கு மேடைத் தமிழ் வராது. மனசில இருக்கிறதைச் சொல்லுறன். இந்தப் பிள்ளையளுக்கு என்ர றூம் ஒண்டு குடுத்திருந்தன். சும்மா வந்தினம், சும்மா பாடினவை, ஆருக்கும் தெரியாது. நான் வாடகையைக் கூட்டினன். பாருங்கோ இண்டைக்கு அறுநூறு சனம். நான் கூட்டியிருக்காட்டி இந்தக் கலை வெளியில வந்திருக்குமே? சில பேர் என்னைப் பிழையா நினைச்சினம். எனக்கு மனவருத்தம் இல்லை. அடுத்த வருசமும் கூட்டுவன்."

அவர் மனமுருகிச் சொன்னார். மண்டபம் கைதட்டியது. கொடுமை என்னவென்றால், நிரூபாவின் கைகளும் பாதி எழும்பிவிட்டன. இரண்டு மணி நேரம் கைதட்டலைக் கேட்டுக்கொண்டு நின்றால் கை தன்பாட்டில் எழும்பும். அவள் வெட்கத்தோடு கைகளைப் பொக்கெற்றுக்குள் விட்டாள்.

ஐந்து முப்பத்தெட்டுக்குச் சச்சிதானந்தன் திரைக்குப் பின்னால் வந்தார்.

"பிள்ளை, கெதியா முடியுங்கோ. பதினொரு நிமிசம் இருக்கு."

"எழுபது நிமிச நாடகம் அங்கிள்."

"ஓம், ஓம், அதைத்தான். சுருக்கிச் செய்யுங்கோ. பேந்து நன்றியுரைக்கு நேரம் விடவேணும் எல்லே."

ஒரு கணம் பத்தொன்பது பேரும் நிரூபாவைப் பார்த்தார்கள். பிறகு ஜெனாட், "கடைசிப் பாட்டுக்குப் போவம்," என்றாள். வாக்கெடுப்பு இல்லை, தீர்மானம் இல்லை. பிரவீனன் ட்ரம்முக்கு ஓடினான், திரை விலகியது.

சும்மா சொல்லக்கூடாது. அந்தப் பதினொரு நிமிடம் அந்த மண்டபம் மண்டபமாக இருந்தது. டபுள் ஷிப்ட் முடிந்து அம்மா வரும் கடைசி பஸ்ஸைப் பற்றி ஜெனாட் பாடத் தொடங்கியபோது பின்வரிசைகளில் அம்மாமார் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பத்தொன்பது குரலும் ஒரு குரலாய் எழும்பியது. நிரூபா அழுதாள், மறைக்கவில்லை. பாட்டின் கடைசி அடிக்குள் சச்சிதானந்தன் ஒலிவாங்கியோடு மேடையேறி, "இந்நிகழ்வு சிறப்புற ஒளி ஒலி அமைத்த," என்று தொடங்கினார். சனம் எழும்பி நின்று பிள்ளைகளுக்குக் கைதட்டியது. அவர் அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு தலைகுனிந்தார்.

எப்படியோ காசு சேர்ந்துவிட்டது, அறை தப்பியது, இதோடு கதை முடிந்திருக்கவேண்டும். படம் இந்த இடத்தில்தான் முடிந்தது.

காசில் களவு நடந்தது என்று நினைக்காதீர்கள். ஒன்றியத்துக்காரருக்குக் களவெடுக்கத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது பொறுப்பெடுக்க மட்டும். பதினெட்டாயிரமும் சதம் குறையாமல் இராஜரட்ணத்துக்குப் போனது. காசோலை ஒன்றியத்தினுடையது, ஆகவே குத்தகைப் பத்திரமும் ஒன்றியத்தின் பெயரில் எழுதப்பட்டது. புதன்கிழமை நிரூபா வேலை முடிந்து போனபோது கதவில் புதுப் பூட்டும் மேலே பலகையும் இருந்தன. 'மாபெரும் ஒன்றியத்தின் இளையோர் மேம்பாட்டு நடுவகம்.' உள்ளே நீண்ட மேசை, பதினாலு கதிரை, விற்காத மலர்க் கட்டுகள் சுவர் உயரத்துக்கு. ட்ரம் செற் ஒரு மூலையில் துணி போர்த்தப்பட்டிருந்தது.

"பிள்ளையள் தாராளமா வரலாம்," என்றார் உள்ளே இருந்த தில்லையம்பலம். "உங்கட அறைதானே. இந்த விண்ணப்பத்தை மட்டும் நிரப்பித் தாங்கோ."

விண்ணப்பத்தில் முதல் பக்கம்: அமைப்பின் பெயர், தலைவர், செயலாளர், பொருளாளர், காப்பாளர்.

"எங்களுக்குத் தலைவர் ஒருத்தரும் இல்லை அங்கிள்."

"தலைவர் இல்லாட்டி நான் ஆரோட கதைக்கிறது?" அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். "ஒராளைத் தெரிவுசெய்யுங்கோ. ஒரு பெட்டிதானே, ஒரு பேரை எழுதினாக் காணும்."

ஒரு பெட்டிதான். நிரூபாவும் அப்படித்தான் நினைத்தாள். பிளாசா வாகனத் தரிப்பிடத்தில் பத்தொன்பது பேரும் கூடினார்கள். மெட்டுப் போட்டவன் நான், ஆகவே நான்தான் என்றான் பிரவீனன், பகிடியாக. பாடியது நான், என்றாள் ஜெனாட், பகிடியாக. பகிடி எந்த நிமிடத்தில் முறிந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அரை மணித்தியாலத்துக்குள் யார் எத்தனை சீட்டு விற்றார் என்று கணக்குப் பார்த்தார்கள். யார் ஒத்திகைக்குப் பிந்தி வந்தார், மலர்ப் படத்தில் யார் நடுவில் நின்றார் என்று பார்த்தார்கள். பீட்சா வந்து ஆறியது. பத்துப் பேர் பிரவீனனோடு ஒரு பக்கம், ஒன்பது பேர் ஜெனாட்டோடு மறுபக்கம்.

"டேய், ஒரு பேர்தானே, என்ர பேரை எழுதுவம்," என்றாள் நிரூபா.

"நீங்கள் பாடவுமில்லை, அடிக்கவுமில்லை, அக்கா," என்றான் பிரவீனன். அவன் மரியாதையாகத்தான் சொன்னான். அந்த மரியாதை அவளுக்குப் புதிதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் தில்லையம்பலத்தைக் கேட்டுப் பார்க்க நடுவகத்துக்குப் போனாள். அந்தப் பெட்டியை வெறுமையாக விடலாமா என்று கேட்க. அவர் மேசைமேல் ஏற்கெனவே இரண்டு விண்ணப்பங்கள் இருந்தன. மல்வேர்ன் இளையோர் கலாமன்றம், தலைவர் பிரவீனன். மல்வேர்ன் ஐக்கிய இளையோர் கலாமன்றம், தலைவி ஜெனாட். இரண்டிலும் எல்லாப் பெட்டிகளும் நிரம்பியிருந்தன. பொருளாளர், துணைப் பொருளாளர், உபதலைவர் மூன்று. பத்தொன்பது பேரில் பதவி இல்லாத ஆள் ஒருவர்கூட இல்லை.

தில்லையம்பலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது.

"இவ்வளவு காலமும் நான் பயந்துகொண்டிருந்தன் பிள்ளை. எங்களுக்குப் பிறகு இதுகளை ஆர் கொண்டு நடத்தப்போகினமெண்டு. இனிப் பயமில்லை."

பத்தொன்பது திக்கு என்றுதான் நிரூபா பயந்திருந்தாள். இரண்டு திக்கு என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. பத்தொன்பது திக்கில் போயிருந்தால் தெருவில் கண்டு கையாவது அசைத்திருக்கும்.

"அப்ப, நீர் எந்தப் பக்கம்?" என்று கேட்டார் அவர், அன்பாக.

"நான் ஒரு பக்கமும் இல்லை அங்கிள்."

"நல்லது," என்று மேசை லாச்சியைத் திறந்து புது விண்ணப்பம் ஒன்றை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "நடுநிலை அணியும் ஒண்டு இருக்கத்தான் வேணும். தலைவர் எண்ட இடத்தில உம்மட பேரை எழுதும்."